குழி விழுந்த வீட்டுக்கு வந்த விருந்தினர்: 2014 கார்வெட் கேரவன், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் பௌலிங் கிரீன் நகருக்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும், ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவு தயாரிக்கும் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி வந்து சேர்ந்தன. அங்குள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்துக்கு அப்போது இருபது வயது நிறைந்தது. பிறந்தநாள் விழா, கார் கண்காட்சி, பக்கத்திலேயே கட்டி முடித்த புது ரேஸ் டிராக்கின் திறப்பு எல்லாம் 27 முதல் 30ஆம் தேதிக்குள். இதுவரை எந்தக் கார் கிளப் பயணத்திலும் பார்க்கக்கூடியதுதான். இந்தப் பயணத்தைத் தனியாக எடுத்து ஆராயத் தூண்டுவது வேறொன்று. அவர்கள் பார்க்க வந்த கட்டடத்துக்குள் அப்போது ஒரு பெரிய குழி வாய் பிளந்து கிடந்தது. ஆறு மாதம் முன்பு எட்டு கார்வெட்கள் அதற்குள் விழுந்திருந்தன. குழியை மூடுவதா, காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதா என்ற முடிவை, விருந்தினர் கூட்டம் ஊரில் இருக்கும்போதே, விழாவின் கடைசி நாளில்தான் நிர்வாகக் குழு அறிவித்தது.

கிளப் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை கார் வந்தது, எந்த மாடல், யாருக்குக் கோப்பை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. போய்ச் சேரும் இடம் கிளப்பாருக்கே சொந்தம் என்றால் பயணத்தின் குணமே மாறிவிடும் என்பது என் கட்சி. கேரவன் என்று அழைக்கப்படும் இந்த 2014 கூட்டுப் பயணம் அதற்கு நல்ல சாட்சி.

கண்காட்சியில் பிறந்த கார்

கார்வெட்டே ஒரு கார் கண்காட்சியின் பிள்ளை. 1953 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோராமாவில்தான் அது முதலில் மேடை ஏறியது. ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் ஆலையில் உற்பத்தி தொடங்கி, அந்த ஆண்டு மொத்தம் 300 கார்கள் வெளிவந்தன. முந்நூறும் வெள்ளை, உள்ளே சிவப்பு. உடம்பு ஃபைபர் கிளாஸ். பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார்தான்; பானெட்டைத் திறந்தால் 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின், அதோடு இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக். ஜொலிப்புக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாங்கியவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1955-ல் தயாரானவை வெறும் 700. அதே ஆண்டு ஃபோர்டின் தண்டர்பேர்டு பதினாறாயிரத்தைத் தாண்டியது.

காரைக் கரையேற்றியதில் பெரும் பங்கு அந்தக் கண்காட்சிக்கு வந்த ஒரு பார்வையாளருக்கு உண்டு. சோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற எஞ்சினியர் மோட்டோராமாவில் காரைப் பார்த்தார், அழகில் மயங்கினார், எஞ்சின் அந்த அழகுக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. செவர்லேவின் தலைமை எஞ்சினியர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு மே மாதம் அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். டிசம்பரில் மேலிடத்துக்கு அவர் எழுதிய குறிப்பு இன்றும் பேசப்படுகிறது: எஞ்சினைக் குடைந்து வேகம் கூட்டும் இளைஞர்கள் எல்லோரும் ஃபோர்டு பக்கம் நிற்கிறார்கள், அவர்களை இழுக்க நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். 1955-ல் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அதற்கப்புறம் கார்வெட்டை யாரும் வெறும் பொம்மை என்று சொல்லவில்லை. டன்டோவ் 1996-ல் இறந்தார். அவருடைய அஸ்தி இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

கார் நிலைத்ததும் கிளப்புகள் முளைத்தன. 1959-ல் கிளப்புகள் கூடி ஒரு தேசியக் கவுன்சில் அமைத்தன. 1974-ல் வந்தது கார்வெட் மீட்டமைப்பாளர்களின் தேசியச் சங்கம். இவர்கள் தனி ரகம். போல்ட்டின் தலையில் உள்ள முத்திரை, ஆல்டர்னேட்டரில் குத்திய தேதி, சட்டகத்தில் ஆலைத் தொழிலாளி சாக்பீஸால் கிறுக்கிய அடையாளம் எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று முட்டி போட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள். ஆலை முடித்ததைவிடப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்கும் மதிப்பெண் குறையும். பழைய ஆவணங்களைச் சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்று இவர்கள் வட்டாரத்தில் தொடங்கிய பேச்சுதான் வளர்ந்து வளர்ந்து அருங்காட்சியகமாக ஆனது. கார்வெட் ஆலை 1981-ல் பௌலிங் கிரீனுக்குக் குடிபெயர்ந்திருந்ததால், அதன் பக்கத்திலேயே இடம் பார்த்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: அது ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து அல்ல. லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. கார் வைத்திருப்பவர்களின் நன்கொடை, உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம், வாசலில் பெயர் பொறித்துப் பதிக்கும் செங்கல்லுக்குத் தரும் பணம் என்று சேர்ந்த காசில் நிற்கும் கட்டடம். 1994 செப்டம்பர் 2 அன்று திறந்தபோது, நாடெங்கிலுமிருந்து கார்வெட்கள் அணி அணியாக ஓடி வந்தன. அதுவே முதல் கேரவன். பிறகு 1999, காருக்கு ஐம்பது வயதான 2003, அப்புறம் 2009. 2014-ல் வந்தது ஐந்தாவது.

நூறு கார் எப்படி ஓடும்?

கேரவன் என்றதும் அடிவானம் வரை நீளும் ஒரே வரிசையைக் கற்பனை செய்ய வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம், பகுதிக்குப் பகுதி, தன்னார்வக் கேப்டன்கள் இருக்கிறார்கள். வழி, இரவு தங்கும் ஹோட்டல், எந்த ஊரில் எந்தக் குழு வந்து சேரும் என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்புகிறவருக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நாலைந்து நாள் ஓட்டம். பக்கத்து மாநிலத்துக்காரருக்குக் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும். எல்லோரும் கடைசியில் இறங்குவது ஐ-65 நெடுஞ்சாலையின் 28ஆம் வெளிவாசலில் (எக்ஸிட்).

ஒரு சின்னக் கணக்கு போட்டால் கேப்டன்களின் தலைவலி புரியும். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 29 மீட்டர். முன்னால் போகும் காருக்கு இரண்டு விநாடி இடைவெளி விட வேண்டும் என்றால் 58 மீட்டர். காரின் நீளம் நாலரை மீட்டர். நூறு கார் என்றால் வரிசை ஆறு கிலோமீட்டரைத் தாண்டும். இத்தனை நீளத்துக்குள் எத்தனை லாரி நுழையும், எத்தனை பேர் வெளிவாசல் தேடி ஊடே புகுவார்கள்!

அதைவிடப் பெரிய வில்லங்கம் வரிசைக்குள்ளேயே பிறக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். முடிவுகள் 2008-ல் வெளியாயின. சிக்னல் இல்லை, மேடு பள்ளம் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நெரிசல் உருவானது. அது அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகக் கால் எடுக்கிறார், பின்னால் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் மிதிக்கிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கூடுதலாக. நீளமான கிளப் வரிசையிலும் நடப்பது இதுவே. முதல் கார் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும். முப்பதாவது கார்க்காரர் ஒரு நிமிடம் ஊர்ந்து, மறு நிமிடம் முன்னால் இருப்பவரைப் பிடிக்கப் பறந்துகொண்டிருப்பார். கூட்டுப் பயணத்தில் வேக வரம்பை மீறி அபராதம் கட்டுகிறவர் பெரும்பாலும் கடைசிப் பாதியில் இருப்பவர்தான் என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது.

அனுபவப்பட்ட கிளப்புகள் வரிசையைப் பத்துப் பதினைந்து காராக உடைத்துவிடுகின்றன. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ரேடியோ வைத்த முதல் கார் ஒன்று, ரேடியோ வைத்த கடைசிக் கார் ஒன்று. குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் சில நிமிட இடைவெளி. லேன் மாறுவதைப் பார்த்தால் இதன் நேர்த்தி தெரியும். முதல் கார் மாறுவதில்லை. ரேடியோவில் சொல்கிறது, கடைசிக் கார்தான் முதலில் பக்கத்து லேனுக்குப் போய், பின்னால் வரும் வண்டிகளுக்கு முன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால் காலியானதும் மொத்தக் குழுவும் ஒருசேர நகர்கிறது. சரியாகச் செய்தால் லாரிக்காரர் ஹாரனைக்கூடத் தொட மாட்டார்.

யார் முன்னால், யார் பின்னால் என்பதில் கௌரவப் பிரச்சினை வருவது உண்டு. புதுக் கார் வாங்கியவருக்கு முன்னால் போக ஆசை. ஆனால் 1964 வரையிலான கார்வெட்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1965-ல்தான் டிஸ்க் வந்தது. அறுபது வயது டிரம் பிரேக் காருக்கு முன்னால் 2014 மாடல் ஓடினால், அவசரத்தில் புதுக் கார் சட்டென்று நின்றுவிடும், பழையது நிற்காது. ஆகவே வயது மூத்தவை முன்னால், இளையவை பின்னால். மரியாதைக்காக மட்டுமல்ல, பின்பக்க பம்பரைக் காப்பாற்றவும்தான்.

பெட்ரோல் பங்க் அடுத்த சோதனை. எட்டு பம்ப் உள்ள பங்க்கில் நூறு கார் நுழைந்தால் பதின்மூன்று சுற்று. சுற்றுக்கு ஆறு நிமிடம் என்றாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். அதனால் முந்தின இரவு ஹோட்டலுக்குப் போகும் வழியிலேயே தனித்தனியாக டேங்கை நிரப்பிவிட்டு வரச் சொல்வார்கள். இன்னொரு நுணுக்கம்: 1963 முதல் பல ஆண்டுகளுக்கு கார்வெட்டின் டேங்க் மூடி பக்கவாட்டில் இல்லை, பின் கண்ணாடிக்குப் பின்னால், மேல்பரப்பின் நட்டநடுவில் இருக்கும். பைப்பைத் தூக்கிப் பெயின்ட் மேலாகக் கொண்டுபோகாமல் பெட்ரோல் போட முடியாது. ஒரு கையில் பைப், மறு கையில் அதன் மூக்குக்குக் கீழே விரித்துப் பிடித்த துண்டு என்று நிற்கும் ஆளைப் பார்த்தாலே பழைய கார்வெட்காரர் என்று சொல்லிவிடலாம். பங்க் ஆள் உதவிக்கு வந்தால் பதறிப்போய் வேண்டாம் என்பார்கள்.

ஆகஸ்ட் மாதத்துக் கென்டக்கியில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து படுத்தும். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால், நெடுஞ்சாலையில் சீராக ஓடி வந்த கார், வெளிவாசலில் இறங்கி ஊர்ந்து நகரும்போது சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்கு வராமல் நின்றுவிடும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு அருங்காட்சியக வாசலில் படுத்துக்கொள்ளும் காரின் ரகசியம் இதுதான். 1968 முதல் 1982 வரையிலான மாடல்களில் ஹெட்லைட் மேலெழுவது எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலால். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் ஒற்றைக் கண் மட்டும் திறக்கும். ஆரம்பகால டிஸ்க் பிரேக்குகளில் காலிப்பரின் இரும்பு உருளைச் சுவர் ஈரத்தில் அரித்து எண்ணெய் கசியும்; எவர்சில்வர் உறை போட்டுச் சரிசெய்யாத காரைக் கேப்டன்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. லூயிவில் நகரம் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, பௌலிங் கிரீன் மத்திய நேரத்தில். ஒரே மாநிலம், ஒரே நெடுஞ்சாலை, நடுவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது. வடக்கிலிருந்து வருகிற குழு பத்து மணிக்கு வந்து சேரும் என்று கேப்டன் எழுதினால், எந்தப் பத்து மணி என்றும் எழுத வேண்டும்.

பிப்ரவரி 12

இனி குழிக்கு வருவோம். அருங்காட்சியகத்தை நெடுஞ்சாலையிலிருந்தே அடையாளம் காட்டுவது மஞ்சள் கூம்பும் அதைக் குத்திக்கொண்டு நிற்கும் சிவப்புக் கோபுரமும். அந்தக் கூம்புதான் ஸ்கைடோம். உள்ளே தூணில்லாத வட்டக் கூடம், முக்கியமான கார்கள் நிற்கும் இடம். 2014 பிப்ரவரி 12 அன்று, விடிவதற்கு முன் 5.40 மணி வாக்கில் அசைவு உணரும் கருவிகள் அலறின. கட்டடத்தில் யாரும் இல்லை. பாதுகாப்புக் கேமராவில் பதிந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: தரை லேசாக இறங்குகிறது, ஒரு கார் தலை சாய்கிறது, அடுத்த கணம் தரையே இல்லை.

குழி சுமார் 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் ஆழம். விழுந்த எட்டில் ஆறு அருங்காட்சியகத்துடையவை, இரண்டு ஜெனரல் மோட்டார்ஸ் இரவல் கொடுத்தவை. 1962-ன் கறுப்பு கார்வெட், 1984-ன் பிபிஜி பேஸ் கார் (பந்தயத்தில் மற்ற கார்களுக்கு முன்னே ஓடி வழிநடத்தும் வண்டி), 1992-ல் ஆலையிலிருந்து வெளிவந்த பத்து லட்சமாவது கார், 1993-ன் நாற்பதாம் ஆண்டுச் சிவப்புக் கார், 2001-ன் மாலெட் ஹேமர், 2009-ன் பதினைந்து லட்சமாவது கார் ஆகியவை சொந்தம். 1993-ன் இசட்ஆர்-1 ஸ்பைடரும், 'புளூ டெவில்' என்ற 2009-ன் இசட்ஆர்1 முன்மாதிரியும் இரவல். உலகில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் 1983 மாடல் விழவில்லை. அந்த ஆண்டு சோதனைக்காகச் செய்த 43 கார்களில் மற்றதெல்லாம் அழிக்கப்பட, தப்பிய ஒற்றைக் கார் அது. குழியிலிருந்தும் தப்பித்தது.

ஏன் விழுந்தது என்பதற்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையின் விரிசல்களை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அரித்துக் குகையாக்கும். உலகிலேயே மிக நீளமானதென அளந்தறிந்த மாமத் குகை, அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். பௌலிங் கிரீன் நகருக்கு அடியிலேயே ஆறு ஓடும் குகை இருக்கிறது. ஸ்கைடோமுக்குக் கீழும் ஒரு குகை. அதன் கூரை ஒரு நாள் தாங்காமல் உடைந்தது. வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தினர் சிறு பறக்கும் கேமராவை உள்ளே அனுப்பி, குழி மேலே தெரிவதைவிடக் கீழே நீண்டு போவதைக் கண்டார்கள். கூடத்தின் சுற்றுச் சுவரும் கோபுரமும் மட்டும் அசையாமல் நின்றன.

நிர்வாகம் அதற்கப்புறம் செய்தது கெட்டிக்காரத்தனமான காரியம். மூடி மறைக்கவில்லை. கேமராக் காட்சியை உலகம் பார்க்க வெளியிட்டார்கள். சேதமில்லாத பகுதிகளைச் சீக்கிரமே திறந்தார்கள். குழியைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வழி செய்தார்கள். மார்ச் 3 அன்று முதலில் மேலே வந்தது புளூ டெவில். கிரேன் தூக்கி வைத்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது, சொந்தக் காலில் நகர்ந்து வெளியே வந்தது. கடைசியாக ஏப்ரல் 9 அன்று மாலெட் ஹேமர் வந்தது. அது கார் என்று சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. எட்டையும் கழுவக்கூட அவசரப்படாமல், நசுங்கியபடியே காட்சிக்கு வைத்தார்கள். மார்ச் முதல் ஜூன் பிற்பகுதி வரை பார்வையாளர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 66 சதவீதம் கூடியது. குழிப் படம் போட்ட டி-ஷர்ட்டும் அஞ்சலட்டையும் விற்றன.

மூடுவதா, வைத்துக்கொள்வதா

இங்கேதான் கேரவன் கதைக்குள் வருகிறது. ஜூன் மாதத்தில் நிர்வாகக் குழுவின் சாய்வு குழியை வைத்துக்கொள்வதன் பக்கம் இருந்தது. முழுதாக அல்ல, சுற்றி அணைத்துக் கட்டி, அளவைக் குறைத்து, ஒருவேளை ஒரு நசுங்கிய காரையும் உள்ளே இறக்கிக் காட்டலாம் என்று யோசனை. கூட்டம் வருகிறது, காசு வருகிறது, விடுவானேன்? வெளியாள் ஒருவரிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஆகஸ்டில் வந்தவர்கள் வெளியாட்கள் அல்ல. வாசல் செங்கல்லில் தங்கள் பெயரோ, தங்களோடு ஓட்டி இப்போது இல்லாமல் போன நண்பரின் பெயரோ இருப்பவர்கள். ஸ்கைடோம் அவர்கள் காசில் கட்டிய கூடம். செய்தியில் குழியைப் பார்த்து வழியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சுற்றுலாப் பயணி மறுபடி வர மாட்டார். கேரவன்காரர் ஐந்து ஆண்டில் மறுபடி வருவார், நடுவிலும் சந்தா கட்டுவார். எனக்கு இதில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. நிர்வாகம் கேரவனிடம் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது சொன்ன காரணங்கள் முழுக்கக் கட்டுமானம் சார்ந்தவை: குழியை வைத்துக்கொள்ள ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் கூடுதலாகும், தடுப்புச் சுவரும் உத்திரமும் போட்ட பிறகு அது இயற்கையான குழி போலவே இருக்காது, திறந்த குகையிலிருந்து வரும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதும் பாடு. எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அதை அறிவிக்கத் தேர்ந்த நாளைக் கவனியுங்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த ஆகஸ்ட் 30 அன்று, அவர்கள் எதிரிலேயே, முழுதாக மூடுகிறோம் என்றார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு செய்திக்குறிப்பில் சொல்லியிருந்தால் அதே முடிவுக்கு வேறு அர்த்தம் வந்திருக்கும்.

அந்த நாலு நாளும் குழி திறந்தே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூடிவிட்டுக் கேரவனை வரவேற்கலாம் என்று யாரும் அவசரப்படவில்லை. வந்தவர்கள் குழியையும் பார்த்தார்கள், எட்டு கார்களையும் பார்த்தார்கள். நவம்பரில் வேலை தொடங்கி, பாறை வரை இறங்கும் மெல்லிய தூண்களின் மேல் புதுத் தரை அமைத்து, 2015 கோடையில் ஸ்கைடோமில் கார்கள் மறுபடி நின்றன. செலவு முப்பது லட்சம் டாலரைத் தாண்டியது. குழி ஆசை ஒரேயடியாகப் போய்விடவில்லை: எந்த எல்லை வரை தரை விழுந்தது, குகை எங்கே ஓடுகிறது என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2016 தொடக்கத்தில் குழிக்கென்றே தனிக் காட்சிக்கூடமும் திறந்தது.

மூன்றைச் சரிசெய்தார்கள், ஐந்தை விட்டார்கள்

எட்டு கார்களை என்ன செய்வது என்பதில் நசுங்கிய தகட்டைவிடச் சிக்கலான கேள்வி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் உயர் அதிகாரி மார்க் ராய்ஸும் வடிவமைப்புத் தலைவர் எட் வெல்பர்னும் ஆரம்பத்திலேயே உதவ முன்வந்தார்கள். எட்டையும் செய்து தர நிறுவனத்திடம் வசதி இருந்தது. ஆனால் மாலெட் ஹேமர் போன்றவற்றில் மிஞ்சியதே சொற்பம். புதுப் பாகங்களைக் கொண்டு கட்டினால் வருவது அந்தக் கார் அல்ல, அதன் நகல். சாக்பீஸ் அடையாளத்துக்கு மதிப்பெண் போடும் கூட்டத்தின் முன்னால் நகலைக் கொண்டுவந்து நிறுத்துவதில் அர்த்தமில்லை. ஐந்தை அப்படியே விட்டார்கள். இதைவிடச் சரியான முடிவு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

புளூ டெவில் அதிகம் அடிபடாததால் அந்த ஆண்டு நவம்பருக்குள் தயாராகிவிட்டது. பத்து லட்சமாவது காரின் கதை வேறு. 1992 ஜூலை 2 அன்று, 1953-ன் முதல் கார்களைப் போலவே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்று அது வெளிவந்தபோது, கட்டிய தொழிலாளர்கள் பாகங்களின் மறைவான பக்கங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாகத்தை மாற்றினால் கையெழுத்து போய்விடும். ஆகவே மிச்சிகனில் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த ஆட்கள், புதிதாக மாட்டுவதைவிட மெனக்கெட்டு, பழையதை நிமிர்த்தியும் ஒட்டியும் முடிந்தவரை மூலப் பாகங்களையே காப்பாற்றினார்கள். 2015 செப்டம்பரில் அது வீடு திரும்பியது. 1962-ன் கறுப்புக் கார் அருங்காட்சியகத்தின் சொந்தப் பட்டறையிலேயே தயாராகி, 2018 பிப்ரவரி 12 அன்று, விழுந்த அதே தேதியில் திரை விலகியது. தேதியைத் தேர்ந்ததில் கொஞ்சம் நாடகம் இருக்கிறது, போகட்டும்.

கேரவன் 2019-லும் 2024-லும் வந்தது. 2019-ல் சி8 என்ற எட்டாம் தலைமுறைக் கார் அறிமுகமாகி, டன்டோவ் ஆண்டுக்கணக்கில் மன்றாடியும் கிடைக்காத ஒன்று நடந்தது: எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் போனது. கேப்டன்களுக்கு ஆனால் கவலை வேறு பக்கம். 1994-ன் முதல் கேரவனில் புத்தம் புதிதாக ஓடி வந்த சி4 (நான்காம் தலைமுறை) கார்கள் இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டன. 1992 முதல் 1996 வரையிலானவற்றில் ஆப்டிஸ்பார்க் என்ற மின்பொறிப் பகிர்வுக் கருவியை வாட்டர் பம்ப்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். பம்ப் கசிந்தால் தண்ணீர் சொட்டுவது அதன் தலையில். டிஜிட்டல் டேஷ்போர்டுக்கும் கம்ப்யூட்டர் போர்டுகளுக்கும் உதிரிபாகம் கிடைப்பது வரவர அருகி வருகிறது. 1962-ன் கார்புரேட்டரைச் சாலையோரத்தில் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம். ஆப்டிஸ்பார்க் நனைந்த சி4-ஐ டிரெய்லரில்தான் ஏற்ற வேண்டும். வரிசையில் மூத்ததை முன்னால் விட்டால் போதும் என்ற பழைய விதி, பிரேக்குக்குச் சரி. கடைசிக் காரோடு டிரெய்லர் இழுத்து வருகிறவர் இப்போதெல்லாம் எந்த ஆண்டு மாடல் என்றுதான் முதலில் கேட்கிறார்.